உங்கள் ஒழுங்கைக்குப் போட்ட கொங்கிறீட்டின் கணக்கைக் கேட்பது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒரு மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ வீதி போடுகிறது, வடிகான் கட்டுகிறது, தெரு லைட் வாங்குகிறது. அதற்கு எவ்வளவு காசு போனது, யாருக்குப் போனது, அந்த ஆளை எப்படித் தெரிந்தெடுத்தார்கள் என்பதைச் சாதாரண ஆளாக நின்று கேட்டு வாங்கும் வழியை இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் ஒரு வடிகான் வேலையின் பைலைப் பார்க்க நான் மாதக்கணக்கில் அலைந்தேன். "தம்பி, ஐயா மீட்டிங்குக்குப் போயிட்டார், மறுகா வாங்க" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. அந்த அலைச்சலில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது என்று பிறகுதான் தெரிந்தது.

இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, எம்.பி.யின் கடிதமும் தேவையில்லை. கேட்க வேண்டிய தாளின் சரியான பெயர் தெரிந்திருக்க வேண்டும். கேட்ட திகதிக்குக் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

நமக்குக் கைகொடுக்கும் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், சுருக்கமாக ஆர்.டி.ஐ. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. உள்ளூராட்சி சபைகள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை.

1. வேலை யாருடையது என்று முதலில் உறுதிப்படுத்துங்கள்

அதிகமானோர் சறுக்கும் இடம் இது. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. சபைக்குத் தவிசாளரும் உறுப்பினர்களும் செயலாளரும் இருப்பார்கள். செயலகத்துக்குப் பிரதேச செயலாளர் இருப்பார், அது மத்திய அரசின் நிர்வாகம். களுவாஞ்சிகுடியிலோ செங்கலடியிலோ திருக்கோவிலிலோ ஆட்களிடம் விசாரித்தால் இரண்டையும் "கந்தோர்" என்றுதான் சொல்வார்கள். கடிதத்தைத் தவறான கந்தோரில் கொடுத்தால் "எங்களிடம் இந்தத் தகவல் இல்லை" என்று ஒரு வரி வரும். அந்த வரி உண்மையாகவும் இருக்கும்.

வீதி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஏ, பீ தரத்துப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம் இருக்கின்றன. ஊருக்குள் போகும் ஒழுங்கைகளும் உள்வீதிகளும் பெரும்பாலும் சபையுடையவை. வயலுக்குப் போகும் பாதையும் குளக்கட்டு வீதியும் கமநல சேவைகள் திணைக்களமாகவோ நீர்ப்பாசனத் திணைக்களமாகவோ இருக்கலாம்.

வீதி சபையுடையதாக இருந்து, காசு வேறு இடத்திலிருந்து வந்து, வேலையைப் பிரதேச செயலகம் செய்வித்திருக்கவும் கூடும். பன்முகப்படுத்தப்பட்ட நிதியில், அதாவது எம்.பி.மாரின் சிபாரிசில் ஒதுக்கப்படும் காசில், நடக்கும் வேலைகள் பல அப்படித்தான். ஆகவே "யாருடைய வீதி" என்பதோடு "யார் பில் கட்டியது" என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பில் கட்டிய இடத்தில்தான் பைல் இருக்கும். தெரியாவிட்டால் இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் தனித்தனிக் கடிதம் கொடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, நட்டம் ஒன்றும் வராது.

2. கேட்காமலே கிடைப்பதை எடுத்து வையுங்கள்

வேலை நடக்கும் இடத்தில் ஒரு பெயர்ப்பலகை நட்டிருந்தால் உடனே படம் எடுங்கள். வேலையின் பெயர், நிதி மூலம், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தகாரர், தொடங்கிய நாள், முடிக்க வேண்டிய நாள் எல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்த கையோடு பலகை காணாமல் போய்விடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பலகையில் உள்ள வேலையின் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பைலின் மேலும் அதே பெயர்தான் இருக்கும்.

அடுத்தது கணக்காய்வு அறிக்கை. மாகாணத்தில் உள்ள ஒவ்வொரு உள்ளூராட்சி சபையின் கணக்கையும் கணக்காய்வாளர் நாயகம் ஆண்டுதோறும் பரிசோதிக்கிறார். அறிக்கைகள் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் சபையின் கடைசி சில ஆண்டு அறிக்கைகளை இறக்கி, ஒப்பந்த நிர்வாகம், பெறுகை (பொருளும் வேலையும் வாங்கும் முறை) என்ற தலைப்புகளின் கீழே உள்ளதைப் படியுங்கள். நீங்கள் சந்தேகப்படும் வேலையே அங்கே பெயரோடு இருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

சபையின் வரவுசெலவுத் திட்டம் பொது ஆவணம். அதைப் பார்க்க விண்ணப்பம் போடவும் தேவையில்லை, நூலகத்திலோ முன்மேசையிலோ கேட்டுப் பாருங்கள்.

3. எந்தத் தாளைக் கேட்பது

"இந்த வீதியில் ஊழல் நடந்ததா?" என்று எழுதினால் பதில் வராது. இந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பங்களுக்குப் பதில் தரும் தகவல் அலுவலர் விசாரணை அதிகாரி இல்லை. தன்னிடம் உள்ள பதிவைத் தருவதுதான் அவர் வேலை. "ஏன் தரமில்லை?", "ஏன் அவருக்கே கொடுத்தீர்கள்?" என்ற கேள்விகளுக்கும் இதே கதிதான். காரணம் எழுதப்பட்ட தாள் ஒன்று பைலுக்குள் இருக்கும், அதன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒரு வேலையின் பைல் ஏறக்குறைய இந்த வரிசையில் வளரும். முதலில் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஊரில் நாம் டீ.ஓ. என்கிறோமே, அவர் மதிப்பீடு தயாரிப்பார். அதோடு அளவுப் பட்டியல், அதாவது பீ.ஓ.கியூ., வரும். எத்தனை கன மீற்றர் கொங்கிறீட், எத்தனை கிலோ கம்பி, எத்தனை கியூப் கிறவல் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மறுகா கேள்வி அறிவித்தல், அதாவது டெண்டர் அறிவித்தல், சின்ன வேலையென்றால் விலைமனுக் கோரல் கடிதங்கள். விலைமனுக்களைத் திறந்த அன்றே யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு பதிவு எழுதப்படும். பிறகு தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, பெறுகைக் குழுவின் தீர்மானம், ஒப்பந்தம். வேலை தொடங்கிய பின் அளவீட்டுத் தாள்கள், மேலதிக வேலைக்கான அனுமதி ஏதும் இருந்தால் அது, பில், கொடுப்பனவு வவுச்சர், வேலை முடிவுச் சான்றிதழ்.

எல்லாவற்றையும் கேட்கலாம்தான். ஆனால் முதல் முறை கேட்பவருக்கு நான் சொல்வது, நான்கை மட்டும் கேளுங்கள்:

அ. வெற்றிபெற்ற ஒப்பந்தகாரரின் விலை இட்ட அளவுப் பட்டியல்
ஆ. விலைமனு திறப்புப் பதிவு
இ. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு அறிக்கை
ஈ. இறுதிப் பில்லும் அதனோடு இணைந்த அளவீட்டுத் தாள்களும்

எவ்வளவுக்குப் போட்டார்கள், எப்படித் தெரிந்தார்கள், எவ்வளவு வேலைக்குக் காசு கொடுத்தார்கள் என்ற மூன்றுக்கும் இந்த நான்கில் விடை இருக்கிறது. இருபது தாள் கேட்டால் பைல் தேடும் கிளாக்கருக்கும் எரிச்சல், உங்களுக்கும் சுணக்கம். "கடந்த ஐந்து வருடத்தில் சபை செய்த எல்லா வேலைகளினதும் விபரம்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு பக்க அட்டவணை வரும், அதில் ஒன்றும் இருக்காது.

கேட்கும் நேரமும் முக்கியம். விலைமனு மதிப்பீடு நடந்துகொண்டிருக்கும்போது கேட்டால், இரகசியம் என்று மறுப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. ஒப்பந்தம் கொடுத்த பிறகு முதல் மூன்று தாளையும், இறுதிப் பில் போன பிறகு நான்காவதையும் கேளுங்கள்.

இன்னொரு விசயம். உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகுதான் பெரும்பாலான இடங்களில் புதிய சபைகள் வந்தன. இடைப்பட்ட காலத்து வேலைக்குச் "சபைத் தீர்மானத்தின் பிரதி" என்று கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்று சரியாகவே எழுதி அனுப்புவார்கள். அந்தக் காலத்துக்குச் செயலாளரின் அல்லது ஆணையாளரின் அனுமதி என்று கேட்க வேண்டும். அதே மாதிரி 2025 ஜனவரி 1 முதல் புதிய பெறுகை வழிகாட்டல்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முந்திய டெண்டர்களை 2006 வழிகாட்டலோடுதான் ஒப்பிட வேண்டும்.

4. கடிதம்

ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் சபையில் இருக்கும். "போர்ம் முடிஞ்சு, கொப்பி அடிச்சு வரவேணும்" என்று சொன்னால் கவலைப்படாதீர்கள். படிவம் கட்டாயம் இல்லை, வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாலும் அது விண்ணப்பம்தான். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும்.

எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டால் சிரித்துவிட்டு, "சட்டப்படி காரணம் எழுதத் தேவையில்லைதானே, ஐயா" என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம். நீங்கள் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாதிரிக்கு:

தகவல் அலுவலர்,
... பிரதேச சபை.

தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் கோரல்

... கிராம சேவகர் பிரிவில், ... வீதி முதல் ... வரையான உள்வீதிக்கு (பெயர்ப்பலகையின்படி: "...") ... ஆம் ஆண்டில் செய்யப்பட்ட கொங்கிறீட் இடும் வேலை தொடர்பாகப் பின்வரும் ஆவணங்களின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளைக் கோருகிறேன்:
1. ஒப்பந்தம் வழங்கப்பட்டவரின் விலையிடப்பட்ட அளவுப் பட்டியல்.
2. விலைமனுக்கள் திறக்கப்பட்டபோது எழுதப்பட்ட பதிவு.
3. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை.
4. இறுதிப் பில்லும் அளவீட்டுத் தாள்களும்.
இவற்றில் ஏதாவது சபையிடம் இல்லையெனில், இல்லை என்பதை எழுத்தில் அறியத்தரவும். ஏதாவது ஒரு பகுதியை வெளியிட முடியாதெனில் அந்தப் பகுதியை மறைத்து மீதியைத் தரவும்.
நான் இலங்கைப் பிரஜை.

பெயர், முகவரி, தொலைபேசி, திகதி, ஒப்பம்.

கடைசி இரண்டு கோரிக்கைகளையும் விட்டுவிடாதீர்கள். அவை இருந்தால் ஒரு தாளைக் காட்டி முழு விண்ணப்பத்தையும் மறுக்க முடியாது. "உறுதிப்படுத்தப்பட்ட" என்ற சொல்லும் வேண்டும். ஒப்பமும் முத்திரையும் இல்லாத போட்டோ கொப்பியைப் பிறகு எங்கேயும் காட்ட முடியாது.

சின்ன ஊர் இது. ஒப்பந்தகாரர் உங்கள் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணனாக இருப்பார், டீ.ஓ.வின் பிள்ளை உங்கள் பிள்ளையோடு படிக்கும். தனி ஆளாகப் பெயர் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் சங்கத்தின் பெயரில் கேளுங்கள். அங்கத்தவர்களில் முக்கால்வாசிப் பேராவது இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் ஒரு சங்கமும் பிரஜையாகவே கணிக்கப்படும், பதிவு செய்யாத சங்கமானாலும் சரி. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், விளையாட்டுக் கழகம் எதுவும் ஆகலாம். ஒரே ஒரு சிக்கல்: கொங்கிறீட் வேலைகள் சில கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கப்படுகின்றன. அப்படியானால் வேறு சங்கத்தைப் பிடியுங்கள்!

5. கொடுத்ததற்கு ஆதாரம்

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். ஆர்.டி.ஐ. 02 என்ற பற்றுச்சீட்டைத் தர வேண்டியது அவர்கள் கடமை. "வச்சிட்டுப் போங்க, ஐயா வந்தா குடுக்கிறன்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். முத்திரை கிடைக்காவிட்டால் நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத் துண்டை ஒட்டி வையுங்கள். என் அலைச்சல் முடிவுக்கு வந்தது பதிவுத் தபாலுக்கு மாறிய பிறகுதான். தபாலில் போன கடிதம் உள்வரும் பதிவேட்டில் ஏறாமல் இருக்காது.

தகவல் அலுவலர், மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் ஆகிய இருவரின் விபரமும் கட்டண விபரமும் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்படி காட்சிக்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும். போன அன்றே அந்தப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அலுவலர் நியமிக்கப்படாத இடத்தில் நிறுவனத் தலைவரே அந்தப் பொறுப்புக்கு உரியவர்.

6. நாள் கணக்கு

விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வேலை நாள் என்பதைக் கவனியுங்கள். சனி, ஞாயிறு, போயா, பொங்கல், பெருநாள் எல்லாவற்றையும் கழித்தால் மூன்று கிழமைக்கு மேல் போகும். தருவதென்று முடிவானால், கட்டணம் கட்டிய நாளிலிருந்து, கட்டணம் இல்லையென்றால் முடிவெடுத்த நாளிலிருந்து, 14 நாட்களுக்குள் தாள் கைக்கு வர வேண்டும். நிறையத் தேட வேண்டியிருக்கிறது என்று காரணம் எழுதி மேலும் 21 நாள் வரை நீட்டலாம்.

சுணங்குவதற்கு நியாயமான காரணமும் ஒன்று உண்டு. ஒப்பந்தகாரர் இரகசியமாகக் கொடுத்த தகவல் என்றால் அவருடைய கருத்தையும் சபை கேட்க வேண்டும். அந்தக் கடிதம் போனதும் ஒப்பந்தகாரருக்கு நீங்கள் கேட்டது தெரிந்துவிடும். மனதை ஆயத்தமாக வைத்திருங்கள், இரவில் ஒரு போன் வரலாம். மரியாதையாகப் பேசி வையுங்கள், விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவதாக மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள்.

மாரி காலத்தையும் கணக்கில் எடுங்கள். நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வந்தால் சபை ஆட்கள் முழுக்க அந்த வேலையில் நிற்பார்கள், டிசம்பர் 31க்குள் வருட பில்களை முடிக்கும் அவசரமும் சேரும். பெப்ரவரி, மார்ச்சில் கேட்பது நல்லது. முந்திய வருடத்துப் பில்கள் எல்லாம் பைலுக்குள் வந்திருக்கும்.

7. செலவு

விண்ணப்பத்துக்குக் காசில்லை. முதல் நான்கு ஏ4 பக்கம் இலவசம். அதற்கு மேல் ஏ4 போட்டோ கொப்பிக்கு ஒரு பக்கத்துக்கு 2 ரூபா, இரு பக்கமும் என்றால் 4 ரூபா என்று 2017இல் வர்த்தமானியில் போட்டார்கள். நாற்பது பக்கப் பைல் என்றால் 36 பக்கத்துக்கு 72 ரூபா. மின்னஞ்சலில் அனுப்பினால் கட்டணம் இல்லை. நேரில் போய்ப் பைலைப் பார்க்கவும் வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும் கேட்கலாம். முதல் மணித்தியாலம் இலவசம், பிறகு மணிக்கு 50 ரூபா.

பைல் தடிப்பாக இருந்தால் முதலில் பார்வையிடக் கேட்டு, தேவையான பக்கங்களை மட்டும் குறித்துப் பிரதி கேட்பதுதான் புத்தி. காசு கட்டினால் சபையின் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் "ஒரு ஐந்நூறு வைங்க" என்றால் வைக்காதீர்கள்.

8. மறுத்தால், அல்லது சத்தமே இல்லாவிட்டால்

மறுப்பு எழுத்தில், சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்ற காரணத்தோடு வர வேண்டும். வாய்ப் பேச்சு மறுப்பு ஆகாது. வழக்கமாக வரும் மூன்று பதில்களைச் சொல்கிறேன்.

"வர்த்தக இரகசியம்." 5ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்மையில் இருக்கிறது. ஆனால் விலைமனு திறக்கும்போது பெயரும் தொகையும் வந்தவர்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்டவை, அது எப்படி இரகசியமாகும்? பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்கையும் மீறித் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. மேன்முறையீட்டில் இந்த இரண்டையும் எழுதுங்கள்.

"பைல் வெள்ளத்தில நனைஞ்சு போச்சு." இந்தச் சட்டம் வந்த பிறகு உருவான பதிவுகளை 12 வருடம் பாதுகாக்க வேண்டும், அதற்கு முன்பே இருந்தவற்றைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 10 வருடம். "எந்தத் திகதியில் அழிந்தது, அதற்கான பதிவு எது என்று எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். கணக்குக் கிளையில் வவுச்சரோடும், பெறுகைக் குழுவின் பைலிலும் ஒரு பிரதி இருக்க வாய்ப்பு உண்டு. நனைந்த பைல்கள் பல, கேள்வி எழுத்தில் வந்ததும் காய்ந்துவிடுகின்றன.

"மேலிடத்து அனுமதி வேணும்." அப்படி ஒன்று சட்டத்தில் இல்லை. சட்டம் அனுமதிக்கும் தகவலைக் கொடுத்ததற்காக எந்த அலுவலரையும் தண்டிக்க முடியாது என்று 40ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பயந்து நிற்கும் கீழ்நிலை உத்தியோகத்தரிடம் இதை அன்பாக எடுத்துச் சொன்னால் சிலவேளை அவரே உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

மேன்முறையீடு முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு. மறுப்புக் கிடைத்த நாளிலிருந்து அல்லது காலக்கெடு முடிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்கும் நல்ல மனிதர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான். விண்ணப்பம் கொடுத்த அன்றே, முடிவு வர வேண்டிய கடைசித் திகதி, மேன்முறையீட்டின் கடைசித் திகதி இரண்டையும் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அரைகுறையாகத் தந்தாலும் அதிகக் கட்டணம் கேட்டாலும் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதிலும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள் எழுதுங்கள். கட்டணம் இல்லை. விண்ணப்பப் பிரதி, பற்றுச்சீட்டு அல்லது தபால் துண்டு, வந்த பதில்கள், முதல் மேன்முறையீடு எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் திகதிகளை மட்டும் எழுதி அனுப்பினால் போதும். பெரும்பாலும் இவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்குப் போன கடிதத்தைக் கண்டதுமே பைல் கிடைத்துவிடும்.

9. தாள் வந்த பிறகு

முன்கடிதம் தமிழில் இருக்கும். அளவுப் பட்டியலும் மதிப்பீட்டு அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம், உங்களுக்கு வேண்டியது இலக்கங்கள்தான்.

முதலில் திறப்புப் பதிவு. எத்தனை பேர் போட்டார்கள், யார் மிகக் குறைவு? மிகக் குறைவாகப் போட்டவருக்குக் கிடைக்கவில்லை என்றால் உடனே குற்றம் சொல்லிவிடாதீர்கள். பிணைமுறி (விலைமனுவோடு வைக்கும் உத்தரவாதம்) வைக்காதது, உரிய தரத்தில் பதிவில்லாதது, கூட்டல் பிழை என்று நியாயமான காரணம் இருக்கலாம். அந்தக் காரணம் மதிப்பீட்டுக் குழு அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்படாவிட்டால் அது கேள்வி. மூன்று விலைமனுவிலும் ஒரே எழுத்துப்பிழை, ஒரே கையெழுத்து, அளவுப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஒரே வீத வித்தியாசம் என்றால் அதுவும் கேள்வி. அறிவித்தல் வந்த நாளுக்கும் மூடிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது அளவு. இதற்கு ஒரு நீள அளவுநாடாவும் இரண்டு ஆட்களும் போதும். ஒரு பேச்சுக்கு, அளவுப் பட்டியலில் 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 0.15 மீற்றர் தடிப்பு என்று இருக்கிறது. பெருக்கினால் 45 கன மீற்றர் கொங்கிறீட். நமது ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 16 கியூப். நீங்கள் அளந்தபோது 92 மீற்றர் நீளமும் 2.8 மீற்றர் அகலமும்தான் வருகிறது. தடிப்பு சரியென்றே வைத்தாலும் 38.64 கன மீற்றர். ஆறு கன மீற்றருக்கு மேல் குறைகிறது.

இந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடுங்கள். அளவுப் பட்டியல் என்பது திட்டமிட்ட அளவு. பல ஒப்பந்தங்களில் கொடுப்பனவு உண்மையில் செய்த அளவுக்குத்தான். ஆகவே உங்கள் 38.64ஐ ஒப்பிட வேண்டியது இறுதிப் பில்லின் அளவீட்டுத் தாளோடு. அங்கேயும் 38 சொச்சம் என்று எழுதிக் குறைத்துக் காசு கொடுத்திருந்தால் சபையில் பிழையில்லை, டீ.ஓ. நேர்மையாக அளந்திருக்கிறார். அங்கே 45 என்று இருந்தால்தான் விவகாரம். இதைப் பார்க்காமல் முகநூலில் ஏறி நின்று கத்தி, பிறகு தலை குனிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தடிப்பை வீதியின் ஓரத்தில், மண் அரித்த இடத்தில் பார்க்கலாம். கொங்கிறீட்டை உடைத்துப் பார்க்கப் போகாதீர்கள், அது பொதுச்சொத்துச் சேதம், வழக்கு உங்கள் மேல் திரும்பும். அளக்கும்போது தேதியோடு படம் எடுங்கள், அளவுநாடாவின் இலக்கம் தெரிய வேண்டும்.

திகதிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். வேலை முடிவுச் சான்றிதழ் டிசம்பர் 30, ஆனால் உங்கள் போனில் உள்ள ஜனவரிப் படத்தில் கொங்கிறீட் ஊற்றப் பலகை அடித்துக் கம்பி கட்டியபடி வேலை நிற்கிறது என்றால், வருட முடிவில் காசு திரும்பிப் போகாமல் இருக்க முன்கூட்டியே பில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலதிக வேலைக்கான அனுமதியின் திகதி வேலை முடிந்த பிறகு வந்திருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

10. பிழை தெரிந்தால் எங்கே போவது

முதலில் செயலாளருக்கும் தவிசாளருக்கும் எழுதுங்கள், மாநகர சபையென்றால் ஆணையாளருக்கும் முதல்வருக்கும். "மோசடி" என்ற சொல்லே வேண்டாம். "அளவீட்டுத் தாளின் இன்ன பக்கத்தில் இவ்வளவு, நாங்கள் அளந்தது இவ்வளவு, மீள அளந்து தாருங்கள்" என்று இலக்கத்தோடு எழுதுங்கள். பிரதிகளை மாவட்ட உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும், திருகோணமலையில் உள்ள மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும், கணக்காய்வாளர் நாயகத்துக்கும் அனுப்புங்கள். கணக்காய்வுக்குப் போகும் பிரதிதான் கந்தோருக்குள் அதிகம் வேலை செய்யும். அடுத்த கணக்காய்வில் அந்தப் பைலைக் கேட்டால் என்ன செய்வது என்ற யோசனை எல்லோருக்கும் வரும்.

கையூட்டு வாங்கியதற்கோ வேண்டுமென்றே ஏமாற்றியதற்கோ ஆதாரம் இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, இலக்கம் 1954. ஊகத்தோடு அங்கே போக வேண்டாம். பொய்யென்று தெரிந்துகொண்டே முறைப்பாடு செய்வதும் 2023ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் குற்றம்.

நமது இரண்டு மாவட்டத்துக்கும் உரிய எச்சரிக்கை ஒன்று. ஒரு சபையின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஊரும் சமூகமும் மாறும். வடிகான் அளவு பற்றிய கேள்வி இரண்டு நாளில் "அவங்கட சபை, எங்கட சபை" என்று திரிந்துவிடும். அப்படித் திரிந்தால் லாபம் ஒப்பந்தகாரருக்குத்தான். தாளையும் அளவையும் விட்டு வெளியே போகாதீர்கள். முடிந்தால் பக்கத்து ஊரில் இருந்தும் ஒருவரை அளக்கக் கூட்டிப் போங்கள்.

இறுதியாக, பிடிபணம். ஒப்பந்தகாரரின் பில்லில் ஒரு பகுதியைச் சபை பிடித்து வைத்திருக்கும். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (குறை வந்தால் ஒப்பந்தகாரரே திருத்த வேண்டிய காலம்) முடிந்து, குறை இல்லை என்று டீ.ஓ. சான்று கொடுத்த பிறகுதான் அது விடுவிக்கப்படும். அந்தக் காலம் எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம். வெடிப்பு, பள்ளம், வடிகான் மூடி உடைவு எதுவானாலும் அந்தக் காலம் முடிவதற்குள் படத்தோடு பதிவுத் தபாலில் அறிவியுங்கள், "திருத்தும் வரை பிடிபணத்தை விடுவிக்க வேண்டாம்" என்ற வரியோடு. பிறகு ஒரு மாதம் விட்டு, பிடிபணம் விடுவிக்கப்பட்டதா, எந்தத் திகதியில், யாருடைய சிபாரிசில் என்று இன்னொரு ஆர்.டி.ஐ. கடிதம் போடுங்கள். ஒரு பக்கப் பதில்தான் வரும், அதற்குக் காசும் இல்லை.